குறை இரத்த அழுத்த மருந்துகள்

குறை இரத்த அழுத்த மருந்துகள் என்பவை, இரத்த அழுத்தம் தாழ்வதனால் உண்டாகும் தலைச்சுற்றல், கண் இருட்டல், மயங்கி விழுதல் ஆகியவற்றைக் குறைப்பதற்காக அளிக்கப்படும் மருந்துகள் ஆகும். உயர் இரத்த அழுத்தத்திற்கு நூற்றுக்கு மேற்பட்ட மருந்துகள் உள்ளன. குறை இரத்த அழுத்தத்திற்கு நீண்ட நாள் உட்கொள்ளத்தக்க மருந்துகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. தலைச்சுற்றலுக்காகக் கடைகளில் பரவலாக வாங்கப்படும் மாத்திரைகளுள் பெரும்பாலானவை இரத்த அழுத்தத்தை உயர்த்துவன அல்ல. சில அதனை மேலும் தாழ்த்தக்கூடியவை. இவ்வேறுபாடு அறியப்படாததனால் நோயர் படும் இன்னல் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் காணப்படுவதே எனினும், ஆலை வேலை, இரவுப் பணி, பல மொழிகள், மாநில எல்லை ஆகியவை ஒன்றுகூடும் ஓசூர் - கிருட்டிணகிரி வட்டாரத்தில் அது தெளிவாகப் புலப்படுகின்றது.

வரையறை

பொதுவாக 90/60 மி.மீ. பாதரசத்திற்குக் கீழான இரத்த அழுத்தம் குறை இரத்த அழுத்தம் எனப்படுகின்றது. எனினும் இவ்வெண் மட்டும் நோயைக் குறிப்பதில்லை. மெலிந்த உடல்வாகுள்ள இளம்பெண்கள் பலருக்கும், உடற்பயிற்சி மிகுந்தவர்களுக்கும் இவ்வளவே இயல்பான அழுத்தமாக இருக்கும். அறிகுறி ஏதும் இல்லையெனில் மருத்துவம் தேவையில்லை. இதில் நாடுகளுக்கிடையே கருத்து வேறுபாடும் இருந்துள்ளது. செருமனியில் குறை இரத்த அழுத்தம் தனி நோயாகக் கருதப்பட்டு மருந்து அளிக்கப்பட்டு வந்த காலத்தில், பிரித்தானிய மருத்துவர்கள் அதனை நோயாகவே ஏற்கவில்லை.

மருத்துவ முக்கியத்துவம் மிகுந்தது நிலைமாற்றக் குறை இரத்த அழுத்தம் ஆகும். படுத்த நிலையிலிருந்து எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் சுருக்கழுத்தம் 20 மி.மீ. அல்லது அதற்கு மேலோ, விரிவழுத்தம் 10 மி.மீ. அல்லது அதற்கு மேலோ குறைந்தால் அது நிலைமாற்றக் குறை இரத்த அழுத்தம் என 1996 ஆம் ஆண்டின் மருத்துவ உடன்பாடு வரையறுத்தது. இந்நிலையை 1925 இல் அமெரிக்க மருத்துவர்களான பிராட்பரி, எக்கிள்சுட்டன் ஆகிய இருவரும் மூன்று நோயரைக் கொண்டு விவரித்தனர்.

மனிதர் எழுந்து நிற்கும்போது ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரையிலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகின்றது. உடனே தானியங்கு நரம்பு மண்டலம் இரத்தக் குழாய்களைச் சுருக்கியும் இதயத் துடிப்பை விரைவாக்கியும் மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையாமல் காக்கின்றது. உடலில் நீரோ இரத்தமோ குறைந்திருந்தாலும், நரம்பு பழுதுபட்டிருந்தாலும், மருந்தொன்று இரத்தக் குழாய்களைத் தளர்த்தியிருந்தாலும் இவ்வேற்பாடு தவறிவிடுகின்றது. நீண்டநாள் நீரிழிவு, பார்க்கின்சன் நோய் ஆகியவை நரம்பைப் பழுதாக்கும் காரணங்களுள் குறிப்பிடத்தக்கவை.

"மயக்கம்" என்னும் சொல்

தமிழ் பேசும் நோயர் "மயக்கமாக வருகிறது" என்று கூறும்போது அது மூன்று வேறு நிலைகளுள் எதனையும் குறிக்கலாம். சுற்றியுள்ள பொருட்கள் சுழல்வது போன்ற உணர்வு ஒன்று. இது பெரும்பாலும் உட்காது தொடர்பானது. எழும்போது கண் இருட்டித் தலை இலேசாதல் மற்றொன்று. இதுவே இரத்த அழுத்தம் தொடர்பானது. நினைவிழந்து விழுதல் மூன்றாவது. இம்மூன்றுக்கும் மருந்து வேறு. சிற்றூர்களில் இவற்றோடு "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்னும் விளக்கமும் சேர்ந்துகொள்கின்றது.

ஓசூர் வட்டாரத்தில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன, உருதும் பேசப்படுகின்றது. கன்னடம் பேசுவோர் "தலெ சுத்து" என்கின்றனர். தெலுங்கு பேசுவோர் கண்கள் சுழல்வதாகப் பொருள்படும் "கள்ளு திரகடம்" என்னும் தொடரைக் கையாள்கின்றனர். ஆலைகளுக்கு வேலை தேடி வந்த வட மாநிலத் தொழிலாளர் "சக்கர்" என்கின்றனர். இச்சொற்களுள் எதுவும் மேற்கூறிய மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே "என்ன செய்கிறது?" என்று கேட்பதைவிட "எப்போது வருகிறது? படுக்கையில் புரளும்போதா, எழுந்து நிற்கும்போதா, நெடுநேரம் நின்ற பின்னா?" என்று கேட்பது மருத்துவருக்கு மிகுந்த பயன் தரும். படுக்கையில் புரளும்போது சில நொடிகள் மட்டும் சுழல்வது உட்காதிலுள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்வதால் உண்டாவது. அதற்கு மாத்திரையைவிடத் தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பும் எப்லி பயிற்சியே சிறந்த மருத்துவம்.

தலைச்சுற்றல் மாத்திரைகள்

இந்தியாவில் தலைச்சுற்றலுக்கு மிகுதியாக எழுதப்படுபவை பீட்டாகிசுட்டின், சின்னரிசின், புரோகுளோர்பெரசின் ஆகியவை. வெர்ட்டின், இசுடுசெரான், இசுடெமெட்டில் என்னும் வணிகப் பெயர்களில் இவை பரவலாக அறியப்பட்டுள்ளன. மூன்றும் உட்காது தொடர்பான சுழற்சிக்கும் குமட்டலுக்கும் உரியவை. இரத்த அழுத்தத்தை இவை உயர்த்துவதில்லை.

புரோகுளோர்பெரசின் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கவும் கூடும். எனவே எழும்போது கண் இருட்டும் முதியவர் ஒருவர் அதனை உட்கொண்டால், தலைச்சுற்றல் தணிவதற்கு மாறாக மிகுவதற்கு இடமுண்டு. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் ஆகிய இரண்டும் மாதக்கணக்கில் தொடரப்படும்போது கை நடுக்கம், உடல் விறைப்பு, நடை தளர்ச்சி ஆகிய பார்க்கின்சன் நோய் போன்ற அறிகுறிகளை, குறிப்பாக முதியவர்களிடம், உண்டாக்கக்கூடும். சில நாட்களுக்கு என எழுதிய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்போரிடம் இது நேர்கின்றது. பீட்டாகிசுட்டின் ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. ஆயினும் மெனியர் நோயருக்கு அதனை அளித்து நடத்தப்பட்டு 2016 இல் வெளியான செருமானிய ஆய்வில், வெற்று மாத்திரை உண்டவர்களைவிட அவர்களுக்குக் கூடுதல் நன்மை காணப்படவில்லை.

அழுத்தத்தைத் தாழ்த்தும் மருந்துகள்

குறை இரத்த அழுத்தம் உள்ளவருக்குப் புதிய மருந்தைத் தொடங்குவதற்கு முன், அவர் ஏற்கனவே உண்ணும் மருந்துகளைப் பார்ப்பதே முறை. பல நேரங்களில் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். உயர் இரத்த அழுத்த மாத்திரைகள், சிறுநீர் பெருக்கிகள், நெஞ்சுவலிக்கான நைட்ரேட்டுகள், முதிய ஆண்களின் சிறுநீர் அடைப்புக்கு அளிக்கப்படும் டாம்சுலோசின், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் அளிக்கப்படும் அமிட்ரிப்டிலின் ஆகியவை இவ்வகையின. பிரசோசின் மாத்திரையின் முதல் வேளையிலேயே சிலர் மயங்கி விழுவதுண்டு. அதனால் அது இரவில் படுக்கும்போது தொடங்கப்படுகின்றது. சர்ப்பகந்தி வேரும் அழுத்தத்தைக் குறைப்பதே. மும்பை மருத்துவர் உருசுத்தம் சால் வக்கீல் 1949 இல் வெளியிட்ட கட்டுரையின் வழியாக உலகம் அதனை அறிந்தது.

தமிழ்நாடு அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுசேர்க்கும் இத்திட்டம் 2024 இல் ஐக்கிய நாடுகள் அவை சார்ந்த விருதினைப் பெற்றது. மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்த முதியவர்கள் தடையின்றி மாத்திரை உண்ண இது வழிவகுத்தது. மாத்திரையை ஒழுங்காக உண்பவர்களிடமே அதன் மிகை விளைவும் தென்படும் என்பதனால், இத்தகைய வீட்டுவழி மருத்துவத்தில் நின்ற நிலை அளவீடு இன்றியமையாதது. உட்கார்ந்த நிலையில் 140/80 காட்டும் ஒருவருக்கு எழுந்து நின்றதும் 105/65 ஆகலாம். உட்கார்ந்த நிலையில் மட்டும் அளந்தால் அவருக்கு மாத்திரையைக் கூட்டத் தோன்றும். நிற்க வைத்து அளந்தால் குறைக்கத் தோன்றும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, நின்ற ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை என அளக்கக் கூடுதல் கருவி எதுவும் தேவையில்லை.

தலைச்சுற்றல் வந்தது என்பதற்காக நோயர் தாமாகவே உயர் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுவது மற்றொரு புறத்து ஆபத்தாகும். குளோனிடின், பீட்டா தடுப்பிகள் ஆகியவை திடீரென நிறுத்தப்பட்டால் அழுத்தமோ இதயத் துடிப்போ கட்டுக்கடங்காது ஏறக்கூடும்.

அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகள்

புளூட்ரோகார்ட்டிசோன் 1950களில் உருவாக்கப்பட்ட செயற்கை இயக்குநீர். சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் தேக்கிவைக்கச் செய்து, அதன் வழியாக இரத்தக் குழாய்களிலுள்ள நீரின் அளவைப் பெருக்குகின்றது. வழக்கமாக நாளொன்றுக்கு 0.1 மி.கி. அளவில் தொடங்கப்படும். பயன் தெரிய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். கணுக்கால் வீக்கம், தலைவலி, எடை கூடுதல் ஆகியவை நோயர் பெரும்பாலும் கூறும் குறைகள். வெளித்தெரியாத தீங்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைதல். தசைத் தளர்ச்சியாகவும் இதயத் துடிப்புக் கோளாறாகவும் அது வெளிப்படும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இம்மருந்து ஏற்றதன்று. சித்த மருத்துவத்தில் இருமலுக்குப் பயன்படும் அதிமதுரத்திலுள்ள கிளைசிரைசினும் இதனையொத்த விளைவை உண்டாக்குவதாகும். புளூட்ரோகார்ட்டிசோனுடன் அதிமதுரத்தையும் மிகுதியாக உட்கொள்வோரிடம் பொட்டாசியம் பெரிதும் தாழக்கூடும்.

மிடோட்ரின் இரத்தக் குழாய்களை நேரடியாகச் சுருக்குவது. 2.5 முதல் 10 மி.கி. வரை நாளொன்றுக்கு மூன்று வேளை உட்கொள்ளப்படும். ஒரு மணி நேரத்திற்குள் பயன் தெரியும்; சில மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். இதனை உட்கொண்டவர்கள் உச்சந்தலையில் எறும்பு ஊர்வது போன்ற அரிப்பையும் மயிர்க்கூச்செறிதலையும் குறிப்பிடுவதுண்டு. மருந்து வேலை செய்யத் தொடங்கியதற்கு அதனையே அடையாளமாகக் கொள்வோரும் உண்டு. முதிய ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பு ஏற்படலாம். எல்லாவற்றினும் முக்கியமானது, மாத்திரை உண்ட பின் படுக்கக்கூடாது என்பது. நிற்கும்போது தாழும் அதே அழுத்தம், படுத்ததும் 180க்கு மேல் ஏறிவிடக்கூடும். ஆகையால் கடைசி வேளையை உறங்குவதற்குக் குறைந்தது 4 மணி நேரத்திற்கு முன்பே உண்ணுமாறு அறிவுறுத்தப்படுகின்றது. "காலை, மதியம், மாலை" என்று எழுதப்பட்ட சீட்டு, இரவுப் பணி முடித்துக் காலையில் உறங்கச் செல்லும் தொழிலாளிக்குப் பொருந்தாது. அவருக்குப் பணி நேரத்தை ஒட்டி வேளைகள் மாற்றி எழுதப்பட வேண்டும்; பணிமுறை வாரந்தோறும் மாறினால் சீட்டும் அதற்கேற்ப மாற வேண்டும்.

மிடோட்ரினின் வரலாற்றில் நோயரின் அனுபவம் அரசின் முடிவையே மாற்றியது. 1996 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பின்னர் கூடுதல் ஆய்வுகளை அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் இதற்கு ஒப்புதல் அளித்தது. நின்ற நிலையில் அழுத்தம் ஏறுகின்றது என்பது மட்டுமே அதுவரை மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. நோயரின் வாழ்வு மேம்படுகின்றதா என்பது காட்டப்படவில்லை. அவ்வாய்வுகள் வந்துசேராததால் 2010 ஆகத்து மாதம் ஒப்புதலைத் திரும்பப்பெற முன்மொழியப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 1 இலட்சம் பேர் இதனைப் பயன்படுத்தியிருந்தனர். இம்மருந்தின்றித் தம்மால் எழுந்து நடமாட இயலாது என நோயரும் மருத்துவரும் முறையிட்டனர். அடுத்த மாதமே, ஆய்வுகள் நடைபெறும் வரை மருந்து தொடர்ந்து கிடைக்கும் என நிர்வாகம் அறிவித்தது. பிற்காலத்தில், அடிக்கடி மயங்கி விழும் 133 பேரிடம் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வில், மிடோட்ரின் உண்டவர்களில் 42 விழுக்காட்டினரும் வெற்று மாத்திரை உண்டவர்களில் 61 விழுக்காட்டினரும் மீண்டும் மயங்கி விழுந்தனர். இது பயனுள்ள வேறுபாடே எனினும், மருந்து உண்டும் பத்தில் நால்வர் விழுந்தனர் என்பதும் கருதத்தக்கது.

டிராக்சிடோபா சப்பானில் 1989 இலும் அமெரிக்காவில் 2014 இலும் ஒப்புதல் பெற்றது. நரம்புச் சிதைவினால் வரும் நிலைமாற்றக் குறை அழுத்தத்திற்கு உரியது. பைரிடோசிக்மின் சிறிதளவே பயன் தருவதாயினும் படுத்த நிலையில் அழுத்தத்தை அவ்வளவாக ஏற்றுவதில்லை. அறுவை அரங்குகளில் பயன்படும் மெபென்டெர்மின் ஊசி, உடற்பயிற்சிக் கூடங்களில் ஊக்கத்திற்காகத் தவறாகப் பயன்படுத்தப்படுவது இந்தியாவில் பதிவாகியுள்ளது. அது வீட்டில் போட்டுக்கொள்ளும் மருந்தன்று.

ஓசூர் - கிருட்டிணகிரி வட்டாரம்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின் வாகனம், கைக்கடிகாரம், வார்ப்படம், மின்னணுப் பொருட்கள் ஆகியவற்றின் ஆலைகள் பெருகின. இவற்றுடன் கிருட்டிணகிரியைச் சுற்றிய கருங்கல் குவாரிகளும், ஓசூரைச் சூழ்ந்த உரோசாத் தோட்டங்களும் இவ்வட்டாரத்தின் பிழைப்பு வழிகளாகும்.

இவ்வேலைகள் ஒவ்வொன்றும் தலைச்சுற்றலுக்கு வேறு வேறு காரணங்களைத் தருவன. உலை அருகில் வியர்ப்பவரும், வெயிலில் கல் உடைப்பவரும் நீரையும் உப்பையும் இழக்கின்றனர். ஒரே இடத்தில் நின்று பொருட்களைப் பூட்டுவோருக்குக் கெண்டைக்கால் தசை இயங்காததனால் இரத்தம் காலில் தேங்குகின்றது. காலை உணவைத் தவிர்த்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்கும் இளம்பெண்களிடம் இரத்தச்சோகை பெருங்காரணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உண்டு. இவர்களுக்கு "லோ பி.பி." என்று பெயரிட்டு ஊட்டநீர் ஏற்றி அனுப்புவது ஓரிரு நாள் தெம்பைத் தரும், இரும்புச் சத்து அதனால் கூடுவதில்லை. இரும்பு மாத்திரையோ மலத்தைக் கறுப்பாக்கும், வயிற்றைப் புரட்டும், மலச்சிக்கல் தரும். பலர் இடையில் நிறுத்துவது இதனால்தான். தேநீருடன் சேர்த்து உண்டால் இரும்பு உடலில் சேர்வதும் குறையும். மலம் கறுப்பது இரும்பு மாத்திரையால் என்றால் கவலையில்லை. அம்மாத்திரை உண்ணாதவருக்குத் தலைச்சுற்றலுடன் மலம் தார்போல் கறுத்தால், அது வயிற்றினுள் இரத்தக்கசிவின் அடையாளம். மூட்டுவலி மாத்திரைகளைத் தொடர்ந்து உண்போரிடம் இது நேரக்கூடும்.

தோட்டங்களில் பூச்சிக்கொல்லி தெளித்த பின் வரும் தலைச்சுற்றலைக் குறை இரத்த அழுத்தம் எனக் கொள்ளவே கூடாது. கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல், எச்சில் ஒழுகுதல், மிகுவியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை உடனிருந்தால் அது கரிமபாசுபரசு நஞ்சாக இருக்கலாம். அட்ரோபின் அளிக்கத்தக்க மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். 108 அவசர ஊர்தி எண் எல்லையின் இருபுறமும் ஒன்றே.

மருத்துவத்திற்காக இவ்வட்டார மக்கள் ஓசூர், கிருட்டிணகிரி அரசு மருத்துவமனைகளுக்கும், காப்பீடு பெற்ற தொழிலாளர்கள் தொழிலாளர் அரசு ஈட்டுறுதி மருத்துவ நிலையங்களுக்கும் செல்கின்றனர். கிருட்டிணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது. நரம்பு நோய்களுக்காக அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூரின் நிம்கான்சு போன்ற நிறுவனங்களை நாடுவோரும் பலர். இவ்வாறு இரு மாநிலங்களில் மருத்துவம் பெறுபவரிடம் ஒரே மருந்து இரு வணிகப் பெயர்களில் இரு சீட்டுகளில் இருக்க வாய்ப்புண்டு. அம்லோடிபின் ஒரு பெயரில் காலையிலும் வேறொரு பெயரில் இரவிலும் உண்ணப்படுமானால், விளையும் தலைச்சுற்றலுக்கு மூன்றாவதாக ஒரு மாத்திரை சேர்வது இயல்பே. எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவது இதனைத் தவிர்க்கும் எளிய வழி.

மருந்தில்லா வழிகள்

தானியங்கு நரம்பு பழுதுபட்டவர்கள் அரை லிட்டர் நீரை விரைந்து பருகினால், சில நிமிடங்களிலேயே அழுத்தம் ஏறி ஒரு மணி நேரம் போல நிலைக்கின்றது. காலையில் எழுவதற்கு முன் படுக்கையருகே நீர்ச்செம்பு வைத்துக்கொள்ளுமாறு கூறுவது இதனால்தான். கால்களைப் பின்னி நின்று தொடையை இறுக்குதல், கைமுட்டியை இறுகப் பிடித்தல் ஆகியவை வரப்போகும் மயக்கத்தைத் தள்ளிப்போடுவன. வரிசையில் நிற்கும்போதும் செய்யக்கூடியவை. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 முதல் 20 செ.மீ. வரை உயர்த்துவது, இரவில் அழுத்தம் ஏறுவதையும் காலையில் தாழ்வதையும் ஒருங்கே குறைக்கும்.

வயிறு நிறையக் களியோ சோறோ உண்ட இரண்டு மணி நேரத்திற்குள் முதியவர்களுக்கு அழுத்தம் தாழ்வதுண்டு. அவர்கள் சிறிது சிறிதாகப் பல வேளை உண்பது நலம். வியர்வையால் நீரிழந்தவருக்கு உப்பிட்ட நீர்மோரோ, ஒரு லிட்டர் நீரில் கரைக்கும் 20.5 கிராம் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமோ உதவும். குளுக்கோசு மாவில் பெரும்பகுதி சர்க்கரையே. இழந்த உப்பை அது ஈடுசெய்யாது.

உப்பைக் கூட்டுமாறு கூறப்படும் மிகச் சில நோயாளர் குழுக்களுள் இவர்களும் அடங்குவர். ஆனால் ஒரே சமையலறையில் உண்ணும் மற்றொருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது வழக்கம். குழம்பில் உப்பைக் கூட்டுவதற்கு மாறாக, உப்பு தேவைப்படுபவர் தம் மோரில் தனியே சேர்த்துக்கொள்வதே இதற்கு நடைமுறையில் உள்ள தீர்வு. இதய, சிறுநீரக நோயுள்ளவர் மருத்துவரைக் கேளாமல் அவ்வாறு செய்தல் கூடாது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

மயக்கத்துடன் நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, நிற்காத வாந்தி ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் மாத்திரையை எதிர்பார்த்துக் காத்திருக்கலாகாது. மாதவிடாய் தள்ளிப்போன பெண் அடிவயிற்று வலியுடன் மயங்கினால் அது கருக்குழாய்க் கருவெடிப்பாக இருக்கலாம். படுத்த நிலையில், அல்லது ஓடும்போதும் பளு தூக்கும்போதும், முன்னறிவிப்பின்றி நினைவிழப்பவருக்கு இதய மின்வரைவு எடுக்கப்பட வேண்டும். காரணம் அறியப்படும் வரை இத்தகையோர் சுழலும் எந்திரங்களின் அருகிலும் உயரமான சாரங்களிலும் பணியாற்றுவதோ வாகனம் ஓட்டுவதோ கூடாது.